லூசி நடந்தாள் என்று எலும்பு எப்படிச் சொல்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: எத்தியோப்பியாவில் கிடைத்த, லூசி என்ற ஆதி மனித உறவினப் பெண்ணின் எலும்புக்கூட்டில் பாதிகூட இல்லை, பாதம் அறவே இல்லை என்று படித்தீர்கள். அப்படியிருக்க, 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அவள் இரண்டு காலில் நடந்தாள் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? மரத்திலிருந்து விழுந்துதான் செத்தாள் என்ற செய்தியையும் சேர்த்து, "இது விஞ்ஞானமா, விஞ்ஞானிகள் விடும் கதையா?" என்று முடித்திருக்கிறீர்கள். நடந்தாள், விழுந்தாள் என்ற இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியதுதான் சிக்கல். இரண்டுக்கும் உள்ள ஆதாரம் ஒரே தரத்தில் இல்லை. ஒரு எலும்பு, உயிரோடு இருந்தபோது தான் செய்த வேலையைப் பற்றி எந்த அளவுக்குப் பேசும் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். முதலாண்டு மாணவர்களுக்கு எலும்பு வகுப்பு எடுத்தே காலம் போனது. அகழாய்வுக்குப் போனதில்லை. லூசியின் வார்ப்புகளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், மூல எலும்புகளை அல்ல. எரிமலைச் சாம்பலில் ஆர்கான் அளந்து வயது கணிப்பதும் என் துறை இல்லை. அதை அந்தத் துறையினர் சொல்வதை ஏற்று எழுதுகிறேன். எலும்பின் வடிவமும் வேலையும் மட்டும்தான் நான் கொஞ்சம் உரிமையோடு பேசக்கூடியவை.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1974 நவம்பர் 24 அன்று அஃபார் பகுதியின் ஹடாரில் ஆய்வாளர்கள் டொனால்ட் ஜோஹான்சனும் டாம் கிரேயும் சரிவு ஒன்றில் எலும்புத் துண்டுகளைப் பார்த்தார்கள். பிறகு குழுவினர் அந்தச் சரிவின் மண்ணைச் சலித்துச் சலித்து மீதியைப் பொறுக்கினார்கள். கிடைத்தவை கீழ்த்தாடை, மண்டையோட்டின் சில சில்லுகள், விலா எலும்புகள், முதுகெலும்புகள் சில, இடது இடுப்பெலும்பு, அதன் பின்னால் பொருந்தும் திருவெலும்பு, இடது தொடை எலும்பு, கை எலும்புகள் முதலியவை. "40 சதவீதம்" என்று எல்லோரும் சொல்வது கை, பாதங்களின் சின்ன எலும்புகளைக் கணக்கில் சேர்க்காமல் சொல்வது. பாதம் அறவே இல்லை என்பது சரியல்ல. கணுக்காலில் ஓர் எலும்பும் விரல் எலும்புகள் ஓரிரண்டும் இருக்கின்றன. இன்னொரு வேடிக்கை, 2015இல் நியூயார்க்கில் லூசியின் வார்ப்பை மறுபடி அடுக்கியபோது, முதுகெலும்புத் துண்டு ஒன்று மட்டும் அளவில் ஒட்டவே இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தால் அது ஒரு பபூன் குரங்கினுடையது. நாற்பது ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. இதைக் காட்டி "பாருங்கள், எல்லாமே கலப்படம்" என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அது நேர்மாறாகத்தான் படுகிறது. ஒரு சிறு முதுகெலும்புச் சில்லு அந்நியமானது என்பதைக்கூட வடிவத்தை வைத்துப் பிடித்துவிட முடிகிறது.

ஒரு விஷயத்தைச் செய்திகள் சொல்வதே இல்லை: நடை பற்றிய வழக்கு லூசி என்ற ஒற்றைச் சாட்சியின் மேல் நிற்கவில்லை. ஆஸ்ட்ரலோபிதிகஸ் அஃபாரென்சிஸ் என்ற அவளுடைய இனத்தின் எலும்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 1975இல் அதே ஹடாரில் ஒரே இடத்தில் குறைந்தது 13 பேருடைய எலும்புகள் கிடைத்தன. லூசிக்கு ஓராண்டு முன்பே, 1973இல், ஜோஹான்சன் அங்கே ஒரு முழங்கால் மூட்டைக் கண்டெடுத்துவிட்டார். என்னைக் கேட்டால் வழக்கு அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

முழங்காலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எலும்பு வகுப்பில் தொடை எலும்பைக் கொடுத்ததும் மாணவர்களை முதலில் செய்யச் சொல்வது இதுதான்: கீழ்முனையில் இருக்கும் இரண்டு உருண்டைகளும் மேசையில் சமமாகப் படும்படி அதை நிறுத்து. மனித எலும்பாக இருந்தால் தண்டு செங்குத்தாக நிற்காது, மேலே போகப் போக வெளிப்பக்கம் சாயும். அந்தச் சாய்வை வைத்தே வலது கால் எலும்பா, இடதா என்று சொல்லிவிடலாம். சிம்பன்சியின் தொடை எலும்பை அப்படி நிறுத்தினால் ஏறத்தாழ நேராக நிற்கும். நமக்கு இந்தச் சாய்வு சுமார் 10 பாகை. இடுப்பில் விலகித் தொடங்கும் இரண்டு தொடைகளும் முழங்காலில் நெருங்கி வருவதற்கு இதுதான் காரணம். அதனால் ஒரு காலைத் தூக்கும்போது மற்ற கால் கிட்டத்தட்ட உடம்பின் நடுக்கோட்டுக்குக் கீழே வந்துவிடுகிறது. சாயாமல் அடுத்த அடி வைக்கிறோம். ஹடாரில் கிடைத்த அந்த முழங்காலில் சாய்வு நம்மை விடவும் கொஞ்சம் அதிகம்.

சரி, சாய்வு பிறவியிலேயே வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் இந்த ஆதாரத்தின் பலம். மனிதக் குழந்தை பிறக்கும்போது இந்தச் சாய்வு கிடையாது; தொடை எலும்பு நேராகத்தான் இருக்கும். குழந்தை எழுந்து, தத்தித் தத்தி நடந்து, உடல் எடை ஒரு பக்கமாக ஏறி இறங்க, வளர்முனையில் எலும்பு சமமில்லாமல் வளர்ந்து, சில ஆண்டுகளில் சாய்வு உண்டாகிறது. பிறந்ததிலிருந்து நடக்கவே முடியாத குழந்தைகளுக்கு அது சரியாக உருவாவதில்லை. ஆக, ஒரு தொடை எலும்பில் நல்ல சாய்வு இருந்தால் "இந்த இனம் நடக்கக்கூடியது" என்பதோடு நிற்காது. "இந்த ஆள் சின்ன வயதிலிருந்தே நடந்தாள்" என்று அர்த்தம். கூடவே ஒரு துணை ஆதாரமும் உண்டு. சாய்வு இருந்தால், தொடைத் தசை இழுக்கும்போது முழங்கால் சில்லு வெளிப்பக்கம் நழுவப் பார்க்கும். அதைத் தடுக்க, சில்லு ஓடும் பள்ளத்தின் வெளி உதடு நமக்கு உயர்ந்திருக்கும். அந்தப் பழைய முழங்காலிலும் அந்த உதடு உயர்ந்திருக்கிறது.

அடுத்தது இடுப்பு. இதைப் படித்துக்கொண்டே செய்து பார்க்கலாம். எழுந்து நின்று, வலது உள்ளங்கையை வலது இடுப்பின் பக்கவாட்டில், கால்சட்டைப் பைக்குச் சற்று மேலே வையுங்கள். இப்போது இடது காலைத் தூக்குங்கள். கைக்கு அடியில் ஒரு தசை கெட்டிப்படுவது தெரியும். அதற்கு குளூட்டியஸ் மீடியஸ் என்று பெயர். நடை என்பதே பெரும்பாலான நேரம் ஒற்றைக் காலில் நிற்பதுதான். அப்போது தூக்கிய கால் பக்கம் இடுப்பு தொங்கிவிடாமல் பிடித்து நிறுத்துவது இந்தத் தசையும் அதற்கு அடியில் இருக்கும் இன்னொன்றும். போலியோவில் இந்தத் தசை போனவர்கள் ஒவ்வோர் அடிக்கும் உடம்பை அந்தப் பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து நடப்பதை என் தலைமுறையினர் தெருவுக்குத் தெரு பார்த்திருக்கிறோம். சிம்பன்சி இரண்டு காலில் நடந்தாலும் அப்படித்தான் ஆடி ஆடி நடக்கும். அதற்குத் தசை பலவீனம் இல்லை, எலும்பு தோதாக இல்லை. அதன் இடுப்பெலும்பின் மேல்பகுதி உயரமாக, தட்டையாக, முதுகுப் பக்கம் இருக்கிறது. ஆகவே இதே தசை அதற்குக் காலைப் பின்னால் உதைக்கத்தான் பயன்படுகிறது. நமக்கு அந்தப் பகுதி குட்டையாகி, பக்கவாட்டில் வளைந்து வந்திருக்கிறது. லூசிக்கும் குட்டைதான், பக்கவாட்டில்தான். விரிவு நம்மை விடவும் அதிகம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது. லூசியின் இடுப்பெலும்பு நசுங்கி, உடைந்த துண்டுகள் தப்பான கோணத்தில் ஒட்டிக் கல்லாகியிருந்தது. ஓவன் லவ்ஜாய் என்ற உடற்கூறியலாளர் அதன் வார்ப்பைத் துண்டுதுண்டாக்கி மறுபடி பொருத்தினார். "வேண்டியபடி பொருத்திக்கொண்டார்" என்று சொல்ல இடம் உண்டுதான். வேறு ஆய்வாளர்கள் செய்த மறுசீரமைப்பில் இடுப்பின் குழி சற்று வேறு வடிவில் வருகிறது. ஆனால் மேல்பகுதியின் உயரம் குட்டை என்பது எந்தப் பொருத்தலையும் சார்ந்ததில்லை. 1947இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபோன்டைன் குகையில் கிடைத்த, வேறோர் ஆஸ்ட்ரலோபிதிகஸ் இனத்தின் இடுப்பும் இதே மாதிரிதான் இருக்கிறது. அதனால் இந்த ஆட்சேபம் பிரசவப் பாதை எவ்வளவு அகலம் என்ற கேள்வியைத் தொடும், நடந்தாளா என்ற கேள்வியைத் தொடாது.

பாதத்தைப் பற்றிச் சுருக்கமாக. லூசியிடம் இல்லாததை அவள் இனத்தார் தருகிறார்கள். ஹடாரில் கிடைத்த குதிகால் எலும்பு தடிமனாக, எடை தாங்கும் விதமாக இருக்கிறது. 2011இல் வெளியான, நான்காம் விரலுக்குப் பின்னால் இருக்கும் பாத எலும்பு, பாதத்தில் வளைவு இருந்ததைக் காட்டுகிறது. அப்புறம் தான்சானியாவின் லாய்டோலி. அங்கே சுமார் 36.6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விழுந்த எரிமலைச் சாம்பலில், ஈரமாக இருந்தபோது, யாரோ நடந்து போயிருக்கிறார்கள். மேரி லீக்கியின் குழு 1978இல் வெளிக்கொண்டுவந்த தடம் சுமார் 27 மீட்டர் நீளம். குதிகால் ஆழமாக ஊன்றி, பெருவிரல் மற்ற விரல்களோடு ஒரே திசையில். கை ஊன்றிய தடம் எங்கும் இல்லை. அந்தத் தடம் லூசியின் இனத்துடையதுதானா என்பது நேரடியாக நிரூபிக்கப்பட்டதல்ல. அதே லாய்டோலியில் அந்த இனத்தின் தாடைகள் கிடைத்ததால் வந்த, நியாயமான ஊகம். அதே பகுதியில் 1976இல் பார்த்து, கரடியோ என்று சந்தேகித்து விட்டுவிட்ட இன்னொரு தடத்தை 2019இல் மறுபடி தோண்டினார்கள். அது கரடி அல்ல, இரண்டு காலில் நடந்த வேறொரு மனித உறவினம் என்று 2021இல் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நடந்தவர்கள் ஒரே வகையினர் இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

நிமிர்ந்து நடந்தாள் என்று சொல்வதால் உருவத்தில் ஒரு குட்டி மனுஷியை நினைத்துக்கொள்ள வேண்டாம். உயரம் சுமார் 1.1 மீட்டர். அவள் இனத்தின் மூளை ஏறத்தாழ 400 முதல் 550 கன சென்டிமீட்டர். சிம்பன்சியை விடக் கொஞ்சம் பெரிது, நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவு. இது அந்தக் காலத்து அறிஞர்களின் கணக்கைக் கவிழ்த்த விஷயம். மூளைதான் முதலில் பெருத்திருக்கும், நடை அப்புறம் வந்திருக்கும் என்று நம்பியிருந்தார்கள். 1912இல் இங்கிலாந்தில் மனித மண்டையோட்டையும் குரங்குத் தாடையையும் சேர்த்து வைத்து யாரோ செய்த பில்ட்டவுன் மோசடி 1953 வரை செல்லுபடியானதற்கு அந்த நம்பிக்கை பெரிய காரணம். 1925இல் உடற்கூறியலாளர் ரேமண்ட் டார்ட், தென்னாப்பிரிக்காவில் டாங் என்ற இடத்துச் சிறு பிள்ளையின் மண்டையோட்டைக் காட்டி, தண்டுவடம் நுழையும் துளை அடியில் முன்னால் தள்ளி இருக்கிறது, ஆகவே தலை நிமிர்ந்த உடம்பின் மேல் இருந்தது என்று சொன்னபோது பலர் ஏற்கவில்லை.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படி நடந்தாள் என்பதில்தான் கருத்து பிரிகிறது. 1980களில் ஸ்டெர்ன், சஸ்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அவள் இடுப்பும் முழங்காலும் சற்று மடங்கியபடி நடந்திருப்பாள் என்றார்கள்; லவ்ஜாய் தரப்பு, இல்லை, நம்மைப் போலவே காலை நீட்டித்தான் என்றது. 2010இல் ஒரு குழு ஆட்களை மணலில் நேராகவும், முழங்காலை மடக்கியும் நடக்கவிட்டுத் தடங்களை லாய்டோலியோடு ஒப்பிட்டது. நேரான நடைக்கே பொருந்தியது. 2016இல் இன்னொரு ஒப்பீடு, நம்மைவிடச் சற்றே மடங்கிய கால் என்றது. 2023இல் கேம்பிரிட்ஜின் ஆஷ்லி வைஸ்மன் லூசியின் ஒவ்வொரு காலுக்கும் 36 தசைகளைக் கணினியில் வரைந்து, முழங்காலை முழுக்க நீட்டி நிற்க முடியும் என்று காட்டினார். நேராக நடந்தாள் என்ற பக்கம் எடை கூடிக்கொண்டு வருகிறது என்பது என் கணிப்பு. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தசை கல்லாவதில்லை. எலும்பில் தசை பிடித்த தழும்பு இருக்கும். அதன் பருமனையும் நாரின் நீளத்தையும் மனிதனையும் சிம்பன்சியையும் பார்த்து நிரப்புகிறார்கள். ஓடினால் எவ்வளவு வேகம் என்று பின்னால் செய்த கணினிச் சோதனைகளில், நம்மைப் போன்ற குதிகால் தசைநாரைக் கொடுத்தால் ஒரு விடை, குரங்கினுடையதைக் கொடுத்தால் வேறு விடை. ஓடினாள், நம் வேகத்துக்கு அல்ல என்பதற்கு மேல் அதிலிருந்து நான் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மரம் ஏறினாளா என்பது அதைவிடச் சிக்கலானது. அவள் இனத்தின் விரல் எலும்புகள் நம்முடையதை விட வளைந்தவை. எத்தியோப்பியாவின் டிக்கிகாவில் 2000இல் கிடைத்த, 33 லட்சம் ஆண்டுப் பழமையான சிறு பெண்பிள்ளையின் தோள்பட்டை எலும்பில் கை பொருந்தும் குழி, மனிதக் குரங்குகளைப் போல மேல்நோக்கி இருக்கிறது. பார்த்தவுடன் "ஏறினார்கள்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் நாம் முழங்காலில் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும்: இது உபயோகத்தால் வந்ததா, மூதாதையரிடமிருந்து வந்து தங்கியதா? நமக்குக் குடல்வால் இருக்கிறது என்பதற்காக நாம் இலை தழை தின்று வாழ்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. தோள்பட்டையின் வடிவம் பெருமளவு பரம்பரையாக வரக்கூடியது; அதை மட்டும் வைத்துச் சொன்னால் நான் தயங்குவேன். எலும்பின் தடிமன் அப்படி அல்ல. டென்னிஸ் ஆடுபவர்களுக்கு மட்டையைப் பிடிக்கும் கையின் எலும்புச் சுவர் மற்ற கையை விடத் தடித்திருக்கும் என்பது எக்ஸ்ரேயில் பார்க்கக்கூடியது. வளரும் வயதில் எந்த எலும்பு உழைத்ததோ அது தடிக்கும். லூசி அமெரிக்காவுக்குக் காட்சிக்குப் போயிருந்தபோது, 2008இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எல்லாத் துண்டுகளையும் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். அதை வைத்து கிறிஸ்டஃபர் ரஃப் குழு 2016இல் காட்டியது: காலோடு ஒப்பிட்டால் லூசியின் மேல்கை எலும்பு நம்மை விட வலுவானது, சிம்பன்சியை விடக் குறைந்தது. அதாவது கையால் தன் எடையைத் தூக்கும் வேலை அவள் வாழ்நாளில் கணிசமாக இருந்திருக்கிறது. இராத் தூக்கத்துக்கு மரத்துக்குப் போனாளா, பழம் பறிக்கவா, சிறுத்தைக்குப் பயந்தா, எலும்பு அதைச் சொல்லாது. மண்ணைத் தோண்டிக் கிழங்கு எடுப்பதுகூடக் கையைத் தடிக்க வைக்கும். ஏறினாள் என்பதை நான் "மிகவும் சாத்தியம்" என்று வைக்கிறேன். எவ்வளவு நேரம் மரத்தில் என்பதை யார் அடித்துச் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

கடைசியாக அந்தச் சாவு. அதே ஸ்கேன்களை வைத்து 2016இல் ஜான் கேப்பல்மன் குழு, வலது மேல்கை எலும்பின் தலை நொறுங்கியிருக்கும் விதம், உயரத்திலிருந்து விழும்போது கையை நீட்டி ஊன்றியவர்களுக்கு வரும் முறிவு என்று எழுதியது. உயரம் 12 மீட்டருக்குக் குறையாது என்றும் கணக்குப் போட்டார்கள். எலும்பு முறிவு வார்டில் இந்த முறிவைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதம் சட்டென்று பிடிக்கும். வாசித்தபோது எனக்கும் பிடித்தது. ஆனால் ஜோஹான்சனும் டிம் வைட் என்ற ஆய்வாளரும் உடனே எதிர்த்தார்கள். அந்தப் பகுதிகளில் கிடைக்கும் மான், யானை எலும்புகளிலும் இதே மாதிரி உடைவுகள் இருக்கின்றன. அவை மரத்திலிருந்து விழவில்லை என்றார்கள். பலமான பதில் அது. எலும்பு ஈரப்பசையோடு இருக்கும்போது உடைந்தால் விளிம்பு ஒரு மாதிரி இருக்கும், காய்ந்தபின் உடைந்தால் வேறு மாதிரி. ஆனால் செத்தவுடனே ஈரம் போய்விடுவதில்லை. சடலத்தை ஏதாவது பெரிய மிருகம் மிதித்தாலும் "ஈர" முறிவுதான் வரும். ஆறிய தழும்பு இருந்தால் முறிவுக்குப் பின் உயிரோடிருந்தாள் என்று நிச்சயமாகச் சொல்லலாம். இங்கே அது இல்லை. சாகும்போது உடைந்ததா, செத்த ஓரிரு வாரத்தில் உடைந்ததா என்று இந்த எலும்பை வைத்துப் பிரிக்க முடியாது. மேலே பல லட்சம் ஆண்டு மண்ணின் பாரம் வேறு. விழுந்து செத்திருக்கலாம், அவ்வளவுதான். செய்தித்தாள்கள்தான் அந்த "லாம்" என்பதை வெட்டிவிட்டன.

"நம்முடைய பாட்டியா?" என்று பின்குறிப்பாகக் கேட்டிருந்தீர்கள். அவளுடைய காலத்தை ஒட்டியே, கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் வேறு வகையினரும் இருந்திருக்கிறார்கள். ஹடாருக்குப் பக்கத்தில் பூர்ட்டெலே என்ற இடத்தில் கிடைத்த 34 லட்சம் ஆண்டுப் பாதத்தில் பெருவிரல் கிளையைப் பற்றும் விதமாக விலகி நிற்கிறது. அது லூசியின் இனமே இல்லை. இவர்களில் யாருடைய வழி நம் பேரினத்துக்கு வந்தது என்பதில் லூசியின் இனத்துக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, உறுதி இல்லை. பெண்தானா என்பதுகூட அவள் உடம்பு மற்றவர்களை விட மிகச் சிறிது என்பதை முக்கியமாக வைத்துச் சொல்வது. 1995இல் இரண்டு ஆய்வாளர்கள் இடுப்பின் வடிவத்தைக் காட்டி ஆணாக இருக்கலாம் என்று வாதிட்டார்கள், பெரும்பாலோர் ஏற்கவில்லை. நானும் பெண் என்றே எழுதுகிறேன். ஆனால் தீர்ப்பு எழுதச் சொன்னால், முழங்காலுக்குப் போடும் கையெழுத்தை இதற்குப் போட மாட்டேன்.